அருகில் சென்றாலும் பேசும் படம்

நுழையும்முன்

தொலைவில் நின்று காண்பவர்க்கு ஒரு காட்சியாகவும், அருகில் வந்து காண்பவர்க்கு ஆயிரம் செய்திகளாகவும் விரிவதே சிறந்த பெரும்படம். அத்தகைய படம் பெரிய அச்சுப்பொறியால் மட்டும் பிறப்பதில்லை. கண்ணின் இயல்பு, ஒளியின் போக்கு, நீரின் விரைவு ஆகியவற்றை அறிந்த பொறுமையான உழைப்பால் பிறக்கிறது. செட்டிநாட்டுச் சுவர்களில் தொடங்கி, தஞ்சைக் கல்வெட்டு வழியாகக் குற்றால அருவிவரை சென்று அந்நுட்பத்தை விளக்குகிறது இக்கட்டுரை.

சுவரும் படமும்

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களின் பெருவீடுகள் நெடிதுயர்ந்த சுவர்களுக்குப் பெயர்பெற்றவை. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தளக்கற்கள், முட்டையின் வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சால் பளிங்குபோல் மெருகேறிய சுவர்கள் என விளங்கும் அவ்வீடுகளில் படங்களுக்கும் தனியிடம் உண்டு. முன்னோரின் உருவப்படங்களும் இரவிவர்மா அச்சகத்தின் வண்ண அச்சுகளும் கண்ணாடி ஓவியங்களும் முகப்பிலும் வளவிலும் வரிசையாகத் தொங்கும். அவற்றுள் பல, மேல்விளிம்பு சற்றே முன்சாய மாட்டப்பட்டிருக்கும். கீழே நிற்பவரின் கண்ணுக்குப் படம் நேராக அமைய வேண்டும் என்பதே அதன் பயன்.

அத்தகைய சுவரில் தொங்கும் படத்தை நாம் இருவகையாகக் காண்கிறோம். வாயிலில் நுழையும்போதே முழுப்படமும் கண்ணில் படுகிறது. பிறகு கால்கள் தாமே அதனருகில் செல்கின்றன. பாட்டியின் கழுத்தணியில் எத்தனை சரங்கள், தாத்தாவின் கைத்தடியின் பூண் எத்தகையது என உற்றுப் பார்க்கிறோம். முதற்பார்வை வடிவத்தைத் தேடுகிறது. இரண்டாம் பார்வை விவரத்தைத் தேடுகிறது. முதற்பார்வையை மட்டும் நிறைவு செய்யும் படம் அருகில் சென்றதும் வெறும் புள்ளிகளாகக் கலைந்துவிடும். இரண்டு பார்வைக்கும் ஈடுகொடுக்கும் படத்தை ஆக்குவதே பெரும்பட ஒளிப்படக்கலையின் குறிக்கோள்.

கண்ணின் கணக்கு

ஒரு படத்தில் எவ்வளவு விவரம் இருந்தால் போதும் என்பதை நம் கண்ணே வரையறுக்கிறது. அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகள் நம் கண்ணில் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கோணத்தையேனும் ஏற்படுத்தினால்தான் அவை இரண்டெனத் தெரியும். அதனினும் நெருங்கினால் ஒன்றாகவே தோன்றும். இக்கணக்கின்படி, 30 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும் படத்தில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் இருந்தால் கண்ணுக்குப் புள்ளிகள் தனித்துத் தெரியா. அதே படத்தை 3 மீட்டர் தொலைவிலிருந்து மட்டும் பார்ப்பதாயின் அங்குலத்திற்கு 30 புள்ளிகளே போதும். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகள் அருகில் சென்றால் கரடுமுரடாகத் தெரிவதும், தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆறடி அகலமும் நாலடி உயரமும் உடைய ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவதாகக் கொள்வோம். காண்பவர் கைதொடும் தொலைவிற்கு வந்து பார்ப்பார் எனில், அதற்கு அகலவாட்டில் 21,600, உயரவாட்டில் 14,400 என ஏறத்தாழ 31 கோடி படப்புள்ளிகள் தேவை. பரவலாகப் புழங்கும் 24 மெகாபிக்சல் படக்கருவி ஒருமுறை எடுக்கும் படத்தில் 2.4 கோடி புள்ளிகளே இருக்கும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் அப்படம் 20 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். எஞ்சிய புள்ளிகளுக்கு எங்கே செல்வது?

இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. ஒன்று, இருக்கும் புள்ளிகளைக் கொண்டு இல்லாத புள்ளிகளைக் கணினியால் ஊகித்து நிரப்புவது. மற்றொன்று, காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே எடுத்து ஒன்றாக இணைப்பது. முன்னது எளிது, பின்னது உண்மையானது. பின்னதற்குத் தமிழ்நாட்டிலேயே 160 ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்மாதிரி ஒன்று உண்டு.

தஞ்சையில் எடுத்த இருபத்தொரு படங்கள்

லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் பணியாற்றிய ஆங்கிலேயர். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1858இல் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் நிலக்காட்சிகளையும் அவர் படமாக்கினார். செட்டிநாட்டின் இருபுறமும் உள்ள ஊர்களை அவருடைய கருவி கண்டிருக்கிறது.

அந்நாளில் சிறிய எதிர்மப்படத்தைப் பெருக்கி அச்சிடும் வசதி பரவியிருக்கவில்லை. எதிர்மப்படத்தை உணர்தாளின்மீது ஒட்ட வைத்து வெயிலில் காட்டியே அச்சுப்படம் பெறுவர். எனவே எதிர்மப்படம் எவ்வளவு பெரியதோ அவ்வளவே அச்சுப்படமும் பெரியது. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய மரப்பெட்டிக் கருவியைச் சுமந்து செல்ல வேண்டும். டிரைப் மெழுகு தோய்த்த காகிதத்தையே எதிர்மப்படத்திற்குப் பெரிதும் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டைவிடக் காகிதம் எடை குறைந்தது, நெடும்பயணத்தில் உடையாதது.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் நீண்டு செல்கின்றன. அவற்றை ஒரே படத்தில் அடக்க முயன்றால் எழுத்துகள் எறும்பினும் சிறியனவாகிவிடும். எழுத்தைப் படிக்க இயலாத கல்வெட்டுப் படத்தால் யாது பயன்? ஆகவே டிரைப் தம் கருவியைச் சுவரின் எதிரே படிப்படியாக நகர்த்தி வைத்து 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள படம் கிடைத்தது. தொலைவில் நின்று பார்த்தால் நீண்ட கற்சுவர்; அருகில் சென்றால் சோழர்காலத் தமிழ் எழுத்து. இரண்டு பார்வைக்கும் ஈடுகொடுக்கும் படம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்செயலிலிருந்து மூன்று நெறிகளை நாம் பெறலாம். முதலாவது, படத்தின் அளவை முடிவு செய்வது அதில் காட்ட விரும்பும் மிகச்சிறிய பொருள். கல்வெட்டுக்கு அஃது எழுத்து. அருவிக்குப் பாறையின் விரிசலும் அதில் ஒட்டிய பாசியும். இரண்டாவது, அடுத்தடுத்த படங்கள் ஒரே தொலைவு, ஒரே உயரம், ஒத்த ஒளி என்னும் ஒழுங்கில் அமைய வேண்டும். மூன்றாவது, எடுக்கும்போது பதிவாகாத விவரத்தைப் பின்னர் எந்த அறையிலும் உண்டாக்க இயலாது.

நகர்த்துதலும் திருப்புதலும்

டிரைப் கருவியை நகர்த்தியது சரியே. ஏனெனில் அவர் எதிரே இருந்தது சமதளமான சுவர். கானாடுகாத்தானில் தெரு நெடுகச் செல்லும் ஒரு வீட்டின் மதிலைப் படமாக்கவும் அம்முறை பொருந்தும். ஆனால் முன்னே ஊருணிப் படிக்கட்டும், நடுவே நீர்ப்பரப்பும், பின்னே கோயில் கோபுரமும் அமைந்த காட்சிக்கு அது பொருந்தாது. கருவியின் இடம் மாறினால் முன்னுள்ள பொருளுக்கும் பின்னுள்ள பொருளுக்கும் இடையிலான தொடர்பும் மாறிவிடும்.

இதனை உணர எளிய வழி ஒன்றுண்டு. கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் பின்னுள்ள சுவரில் இடம்பெயர்வதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றம். இரு கண்களுக்கும் இடையே உள்ள சில அங்குல இடைவெளியே இவ்வளவு மாற்றத்தைத் தருமெனில், கருவி ஓரடி நகர்ந்தால் படிக்கட்டும் கோபுரமும் எவ்வாறு பொருந்தும்?

எனவே ஆழமுள்ள இயற்கைக்காட்சியை எடுக்கும்போது கருவியை நகர்த்துவதில்லை. முக்காலியின்மேல் நிறுத்தி, ஒரே அச்சில் திருப்புகின்றனர். அவ்வச்சு கருவியின் உடலுக்கு அடியில் அன்றி, வில்லைக்குள் ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று கடக்கும் புள்ளிக்கு நேர்கீழே இருத்தல் வேண்டும். அருகில் ஒரு குச்சியை நட்டு, அதற்கு நேர்ப்பின்னே தொலைவில் ஒரு பனைமரத்தைக் குறியாகக் கொள்ளலாம். கருவியை இடமும் வலமும் திருப்பும்போது குச்சியும் பனையும் பிரியாமல் ஒரே கோட்டில் நின்றால் அச்சு சரியாக அமைந்துவிட்டது என்பது பொருள்.

அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கேனும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பொதுவாக உள்ள அப்பகுதியைக் கொண்டே கணினி அவற்றைப் பொருத்துகிறது. மேலே கண்ட ஆறடிப் படத்திற்குக் கருவியை நெட்டுவாக்கில் நிறுத்தி, 8 நிரல், 4 நிரை என 32 படங்கள் எடுத்தால் தேவையான புள்ளிகள் கிடைத்துவிடும். அத்தனை படங்களுக்கும் குவியம், துளையளவு, ஒளிபடும் நேரம், வண்ணச்சமன் ஆகிய நான்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இவற்றைக் கருவியின் தன்னியக்கத்திற்கு விட்டால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் போகும். ஒட்டுத்துணி போலத் தைத்த இடமெல்லாம் தெரியும்.

தெரியுமா?

அருவி என்பதே மலையிலிருந்து விழும் நீருக்குத் தமிழில் தொன்றுதொட்டு வழங்கும் சொல். சங்க இலக்கியத்தில் இச்சொல் பயின்று வருகிறது. நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலச் சொல்லை அடியொற்றிப் பிற்காலத்தில் உருவான மொழிபெயர்ப்பு.

ஓடும் நீரை நிறுத்துவது எங்ஙனம்?

கல்வெட்டு அசையாது, கோபுரமும் அசையாது. அருவியோ ஒரு நொடியும் நில்லாதது. பெரும்படக் கலையின் கடுந்தேர்வு இங்கேதான் தொடங்குகிறது.

செட்டிநாடு அருவியில்லாத நிலம். மழையை ஊருணிகளிலும் கண்மாய்களிலும் தேக்கி வாழ்ந்த நிலம். வடகிழக்குப் பருவமழையின்போது நாற்புற ஓட்டுச் சாய்ப்புகளிலிருந்தும் முற்றத்தில் நீர் கொட்டுவதுதான் வீட்டிலிருப்போர் கண்ட அருவி. அருவியைத் தேடுவோர் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே செல்ல வேண்டும். தென்காசி மாவட்டத்துக் குற்றாலத்தில் சிற்றாற்று நீர் பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் விழுகிறது. பேரருவியின் நீர் நேரே தரைக்கு வருவதில்லை; இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து பொங்கிப் பின்னர் இறங்குகிறது. ஆடவல்லானை ஓவிய வடிவில் வழிபடும் சித்திர சபையும் அவ்வூரிலேயே உள்ளது. விழும் நீரும் நிலைத்த ஓவியமும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது.

பத்து மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், அடியை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் விரைவு பெறும். கருவியின் மூடுதிரை ஒரு நொடியில் 1000இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் நீர்த்துளி 1.4 செ.மீ. மட்டுமே நகரும். துளிகள் உடைந்த கண்ணாடிச் சில்லுகள்போல் உறைந்து தெரியும். 30இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் துளி அரை மீட்டர் அளவு நகர்ந்து கோடாகும். அரை நொடி திறந்தால் 7 மீட்டர் நகரும். தனித்துளி மறைந்து, வெண்பட்டு விரித்தாற்போன்ற நீரோட்டம் தோன்றும்.

இவற்றுள் எது சரி என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. வெள்ளம் பெருகி இரைந்து வரும் நாளில் நீண்ட நேரம் திறந்தால் அருவி முழுதும் வடிவற்ற வெண்திரளாகும். அதன் வலிமை தெரியாது. அந்நாளில் 15இல் ஒரு பங்கு முதல் 4இல் ஒரு பங்கு நொடிவரை திறந்தால் நீரின் இழைகளும் திரட்சியும் ஒருங்கே புலப்படும். சாரல் குறைந்து நீர் நூலாக இறங்கும் நாளில் அரை நொடியோ ஒரு நொடியோ திறப்பது பொருந்தும். நீரின் அளவைக் கண்டே நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

நீண்ட நேரம் திறந்தால் மிகுந்த ஒளி புகுந்து படம் வெளுத்துவிடும். 60இல் ஒரு பங்கு நொடி போதுமான இடத்தில் அரை நொடி திறப்பதாயின் ஏறத்தாழ 32 மடங்கு ஒளியைக் குறைத்தாக வேண்டும். வில்லையின் துளையை மிகச் சிறிதாக்கி அதனைச் செய்ய முயல்வோர் உண்டு. ஆயின் அதில் ஓர் இழப்பு மறைந்துள்ளது. சிறு துளை வழியே செல்லும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். இயற்பியலில் நீங்கள் பயிலும் விளிம்பு விளைவு இதுவே. துளை எண் 8 எனில் ஓர் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 0.01 மி.மீ. வட்டமாக விழும், துளை எண் 22 எனில் அவ்வட்டம் 0.03 மி.மீ. ஆகும். 36 மி.மீ. அகலமுள்ள ஒளியுணரியில் 6000 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளியின் அகலம் 0.006 மி.மீ. தான். அப்போது ஒரே ஒளிப்புள்ளி ஐந்து படப்புள்ளிகளின் அகலத்தைக் கறைப்படுத்திவிடும். சிறு அச்சில் இக்குறை தெரியாது. ஆறடி அச்சில் பாசியும் பாறையும் ஒன்றாகக் குழைந்து தோன்றும்.

எனவே துளையை நடுத்தர அளவில் வைத்து, வில்லையின் முன் ஒளிகுறைக்கும் வடிகட்டியைப் பொருத்துவதே முறை. அதனோடு தளவிளைவு வடிகட்டியும் பெருந்துணை புரியும். நனைந்த பாறையும் இலையும் வானொளியை எதிரொளித்து வெண்மையாகப் பளபளக்கும். அவ்வெதிரொளி பெரும்பாலும் ஒரு தளத்தில் மட்டும் அதிர்வதால், வடிகட்டியைத் தக்கவாறு திருப்பி அதனைத் தடுக்கலாம். பளபளப்பு நீங்கியதும் இலையின் பச்சையும் பாறையின் செம்மையும் உள்ளவாறு வெளிப்படும்.

வெயிலும் அருவிக்குப் பகையே. நேர்வெயிலில் நீர் கண்கூசும் வெண்மையாகவும் பாறையிடுக்கு இருளாகவும் அமைந்து, இரண்டையும் ஒரே படத்தில் அடக்க இயலாது போகும். எரிந்து வெளுத்த இடத்தில் எந்த விவரமும் எஞ்சாது. மேகம் மூடிய சாரல் நாளின் மென்மையான ஒளியே ஏற்றது. குற்றாலச் சாரல் குளிப்போர்க்கு மட்டுமன்றிப் படமெடுப்போர்க்கும் வாய்த்த கொடை எனலாம்.

அருவியைப் பல படங்களாக எடுத்து இணைக்கும்போது மேலும் ஓர் இடர் உண்டு. முதற்படத்தில் இருந்த நீர் இரண்டாம் படத்தில் இராது. எனவே இணைப்புக் கோடு நீரின் நடுவே செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் முழுதும் ஒரே படத்தில் அல்லது ஒரே நெட்டு வரிசையில் அடங்கும்படி எடுத்து, இருபுறத்துப் பாறையிலும் காட்டிலும் மட்டும் படங்களை இணைப்பதே அறிந்தோர் வழக்கம். நீண்ட நேரம் திறந்து எடுத்த நீர் மென்மையாக அமைவதால் மேலும் கீழும் பொருத்துவது எளிதாகும். அருவியின் காற்றில் முக்காலி நடுங்காமல் இருக்க அதன் நடுவே சுமைப்பையைத் தொங்கவிடுவர். வில்லையில் படியும் திவலையை ஒவ்வொரு படத்திற்கும் முன் மென்துணியால் துடைப்பர். ஒரே ஒரு துளி கவனிக்கப்படாமல் போனாலும் பெரும் அச்சில் அது கையளவு மங்கலாகத் தெரியும்.

பொறுமையினும் பெரிய நெறி ஒன்றுண்டு. அருவி நம்மை அறியாது. மலைமேல் பெய்யும் மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. தடுப்பைத் தாண்டியும் வழுக்குப் பாறையில் ஏறியும் எடுக்கும் எந்தப் படமும் உயிருக்கு ஈடாகாது. நீரின் நிறம் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ கருவியை விட்டேனும் கரையேறுவதே அறிவுடைமை.

ஊகமும் உண்மையும்

இல்லாத புள்ளிகளைக் கணினியால் ஊகித்து நிரப்பும் வழியை முன்னர்க் கண்டோம். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சிறுபடத்தை நொடிப்பொழுதில் பெரும்படமாக்குகின்றன. மங்கலாகத் தெரிந்த மரத்தில் இலைகள் முளைக்கின்றன. வழுவழுப்பான பாறையில் விரிசல்கள் தோன்றுகின்றன. காண்பதற்கு அவை அழகாகவே உள்ளன. ஆனால் அவ்விலைகள் அம்மரத்தில் இருந்தவையல்ல. வேறு ஆயிரம் மரங்களின் படங்களைக் கண்ட கணினி கற்பித்துக்கொண்டவை.

இதன் பொருளை உணரத் தஞ்சைக் கல்வெட்டையே எண்ணிப் பார்ப்போம். தேய்ந்த ஓர் எழுத்தைக் கணினி தன் விருப்பப்படி நிரப்பினால், கொடையளித்தவர் பெயரோ நிலத்தின் அளவோ மாறிவிடும். அழகான பொய்யெழுத்தைவிட மங்கிய மெய்யெழுத்தே வரலாற்றுக்கு வேண்டுவது. அருவிப் படத்திற்கும் இது பொருந்தும். இன்று ஒரு பாறையில் எந்தெந்தச் செடிகள் வேரூன்றியிருந்தன, நீர் எவ்வளவு அகலத்தில் விழுந்தது என்பதை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அப்படத்தைக் கொண்டு அறிய முற்படலாம். அவர்க்கு நாம் தருவது சான்றா, கற்பனையா?

மாற்றமே கூடாது என்பதன்று இதன் பொருள். டிரைப்பின் காலத்து எதிர்மப்படங்கள் நீலநிற ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்தன. அதனால் வானம் வெற்று வெண்மையாக அமைந்தது. சில எதிர்மப்படங்களில் டிரைப் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டினார். வானம் அழகு பெற்றது. ஆயினும் அம்மேகங்களைக் கொண்டு அந்நாளின் வானிலையை யாரும் கூற முடியாது. அதே டிரைப் கல்வெட்டைக் கல்வெட்டாகவே பதிவு செய்தார். எதனை அழகுக்காகச் செய்தோம், எதனைச் சான்றாகத் தந்தோம் என்பதைத் தெளிவாகக் குறித்து வைப்பதே நேர்மை.

தாளில் நிலைபெறுதல்

இணைத்து முடித்த படம் திரையில் ஒளிர்வது வேறு. தாளில் அமைவது வேறு. திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. எனவே திரையில் சரியாகத் தோன்றும் நிழல் தாளில் கருமையாக அடைபட்டுவிடும். முழுப்படத்தை அச்சிடுமுன் அருவியின் வெண்மை, பாறையின் நிழல், காட்டின் பச்சை மூன்றும் அடங்கிய ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு, படம் மாட்டப்படும் சுவரின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்ப்பது நல்லது.

தாளும் மையும் படத்தின் வாழ்நாளைத் தீர்மானிக்கின்றன. அமிலமற்ற பருத்தித் தாள் எளிதில் பழுப்பதில்லை. கரைந்த சாயத்தால் ஆன மையைவிட நிறமித் துகள்களால் ஆன மை வெளிச்சத்தை நெடுநாள் தாங்கும். நேர்வெயில் படாத சுவரும், படத்திற்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டமும் வேண்டும். முன்சாய மாட்டும் செட்டிநாட்டு வழக்கம் அக்காற்றோட்டத்திற்கும் இடந்தருகிறது. மின்கோப்புகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைத்தலும் இன்றியமையாதது.

கண்ட நிலம், காணப்போகும் கண்கள்

படமெடுத்தலும் பாதுகாத்தலும் இருவேறு கடமைகள் என்பதைச் செட்டிநாட்டு மைந்தர் ஒருவரின் வாழ்வு உணர்த்துகிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார். உலகெங்கும் பயணம் செய்து, பலர் பல நாடுகளில் எடுத்திருந்த காந்தியடிகளின் படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். அவற்றைக் கொண்டு அவர் உருவாக்கிய ஆவணப்படம் 1940இல் வெளியாயிற்று. அவருடைய பெரும்பணி புதிய படங்களை எடுத்ததில் மட்டும் அடங்கவில்லை. சிதறிக் கிடந்தவற்றை அழியாமல் சேர்த்ததிலும் இருந்தது. அவ்வளவு உழைப்பில் உருவான படத்தின் படிகளும் பின்னர்ப் பல்லாண்டுகள் கிடைக்காமல் இருந்தன என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் பேணுவாரின்றிப் பிரிக்கப்படும் வீடுகளின் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு வருகின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் முன்னோரின் உருவப்படங்களும் சட்டத்தோடு அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றில் இருப்பவர் யாரென்று கூறுவார் இல்லை. படம் நிலைத்திருக்கிறது, பெயர் தொலைந்துவிட்டது. பெரும்படத்தின் பின்புறத்தில் இடம், நாள், எடுத்தவர், எடுத்த முறை ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

நாம் இன்று எடுக்கும் அருவியோ, ஊருணியோ, நெடுஞ்சுவரோ நாளை இதே வடிவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீரின் அளவு மாறும், கரை மாறும், சுவர் இல்லாமலும் போகலாம். அன்று ஒருவர் நம் படத்தைத் தொலைவில் கண்டு, அருகில் வந்து, கண்ணைக் கூர்மையாக்கி ஒரு விவரத்தைத் தேடுவார். தேடும் விவரம் அங்கே இருக்க வேண்டும். இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஒரு குளம், தெரு அல்லது கோயில் மதிலைத் தேர்ந்தெடுங்கள். அதனைப் படமாக்கக் கருவியை நகர்த்துதல், திருப்புதல் ஆகியவற்றுள் எம்முறை பொருந்தும் என்பதைக் காரணத்துடன் விளக்குக.

2. மழைநாளில் கூரையிலிருந்து விழும் நீரை மூன்று வெவ்வேறு நேர அளவுகளில் படமெடுத்து, அவற்றின் வேறுபாட்டை வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுக.

3. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றில் இருப்பவர்கள், இடம், காலம் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதற்கு ஒரு குறிப்புத்தாள் உருவாக்குக.